முழங்கால் = ஐம்பத்திரண்டு

பள்ளிப்பட்டுத் தரைப்பாலத்தின் ஓரம்
கம்பத்தில் தொங்கும் ரேடார்
தண்ணீரை அளப்பதில்லை.
தனக்கும் தண்ணீருக்கும் நடுவே மிச்சமிருக்கும்
காற்றை அளக்கிறது.
எண் குறைந்தால் வெள்ளம்.

கொசஸ்தலையில் இன்னும் மேலே
குழாய்க்குள் கிடக்கும் அழுத்தமானிக்குத்
தலைமேல் ஏறிய பாரம்தான் தெரியும்.
எண் கூடினால் வெள்ளம்.

நகரிப் பக்கத்து மழைமானியின்
சின்னக் கரண்டி நிறைந்து கவிழும்போது ஒரு டிக்.
ஓணான் ஏறிக் கவிழ்த்தாலும்
அதே டிக்.

அணையில் இருப்பது பழசு. அடிக்கணக்கு.
அதன் கடிகாரத்தை யாரோ லண்டனிலேயே விட்டுவிட்டார்கள்.
சுடச்சுட அனுப்பும் செய்தியும்
ஐந்தரை மணி நேரம் ஆறிப்போய் வரும்.

இவர்களுக்கும் தாசில்தார் அலுவலகத் திரைக்கும்
நடுவில் உட்காரும் நிரலை
எழுத வந்தவள் நான்.
திரைக்கு வேண்டியது ஒன்றுதான்:
பஸ் போகலாமா, கூடாதா.
யார் சொன்னது, எந்தக் கம்பெனி, என்ன பாஷை
அதெல்லாம் அதன் தலையெழுத்து இல்லை.
என் தலையெழுத்து.

ஐந்தாவதாக ஒருவர் இருந்தார்,
ஒப்பந்தத்தில் இல்லாதவர்.
லஸ்கர் பெஞ்சலய்யா.
சம்பளம் ஆந்திராவில், வீடு இந்தப் பக்கம்.
பாலத்துக்குக் கீழே எல்லைக்கல்லை ஒட்டி இறங்கி நின்று
போனில் ஒற்றைச் சொல் சொல்வார்.
மோக்காலு.
குமாஸ்தா நோட்டில் எழுதிக்கொள்வார்: முழங்கால்.
மோக்காலு என்றால் பாலம் காய்ந்திருக்கிறது.
நடுமு என்றால், இடுப்பு, பாலம் போயிற்று.

"ஆளைக் கருவியாச் சேர்க்க முடியாதும்மா"
என்றார் என் மேலாளர் சென்னையிலிருந்து.
நான் டேப் எடுத்துப் போனேன்.
குதிகாலிலிருந்து முழங்கால் ஐம்பத்திரண்டு.
இடுப்பு நூற்றொன்று.
கழுத்துக்கு டேப்பை உயர்த்தியதும் சிரித்தார்:
"மெட தாகா வஸ்தே போன் எவரு சேஸ்தாரம்மா?"
கழுத்துக்கு எண் போடவில்லை.

ஐப்பசிக் கடைசியில் ஒரு ராத்திரி.
நகரியில் லாட்ஜ் அறை, மின்விசிறி நின்றுவிட்டது.
மழைமானி நிறுத்தாமல் டிக்.
அழுத்தமானி கழித்தல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்றது,
குப்பை என்று நானே வடிகட்டும் எண்.
ரேடார் முகத்தில் சிலந்தி வலை. அது வலையை அளந்துகொண்டிருந்தது.
அணை வழக்கம்போல் சாயங்காலத்தில் இருந்தது.
பெஞ்சலய்யா மட்டும் அசையவில்லை:
ஐம்பத்திரண்டு. பச்சை.

ஒன்பது மணிக்கு முழங்கால்.
பத்துக்கும் முழங்கால்.
பதினொன்றே முக்காலுக்கும் அதே முழங்கால்.

அப்போதுதான் உறைத்தது.
பதில் வராவிட்டால்
முந்தைய பதிலையே வைத்துக்கொள்
என்று எழுதியிருந்தேன் நான்,
திரை கண் சிமிட்டக் கூடாதே என்று.
ஒரு மரியாதைக்கு.

அவர் போன் அணைந்திருந்தது.
குமாஸ்தாவைக் கூப்பிட்டேன்.
திருத்தணியிலிருந்து வரும் கடைசி பஸ்ஸை நிறுத்துங்க.
"பச்சையா இருக்கே மேடம்."
அது என் பச்சை. நிறுத்துங்க.

விடிந்தபோது தரைப்பாலம் இருந்த இடத்தில்
பழுப்பாக ஒரு சுழிப்பு.
பெஞ்சலய்யா பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து
போனைப் பிரித்து
பேட்டரியைச் சட்டைநுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.
நடுமு என்று சொல்லத்தான் எடுத்தாராம்.
கை வழுக்கிவிட்டது.
"நீக்கு எவரு செப்பாரு?" என்றார்.
யாரும் சொல்லவில்லை. அதுதான் சொன்னது
என்பதற்கு எனக்குத் தெலுங்கு போதவில்லை.

இப்போது ஒவ்வொரு எண்ணும்
தன் வயதைச் சுமந்துகொண்டு வருகிறது.
திரையில் பொடி எழுத்தில், அளவுக்குக் கீழே:
பெஞ்சலய்யா, நான்கு நிமிடம் முன்பு.
இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று
தாசில்தார் இரண்டு கடிதம் போட்டுவிட்டார்.

இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன்.